யோகி கரடிக்கு வீட்டிலேயே தமிழ்க் குரல் கொடுப்பது எப்படி

சனிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் டிவியின் சத்தத்தை முழுக்க நிறுத்திவிடுவோம். படம் மட்டும் ஓடும். என் பேரப்பிள்ளைகள் மூவரும் தரையில் உட்கார்ந்து பழைய ஆங்கிலக் கார்ட்டூனில் வரும் யோகி கரடியையும் அவன் தோழன் குட்டி பூ-பூவையும் தமிழில் பேச வைப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் சாட்ஸ்வொர்த்தில் வளரும் பிள்ளைகள். வீட்டிலும் பள்ளியிலும் ஆங்கிலம்தான். தாத்தா, ஆயா, அக்கா, வடை, ரசம் என்று சொற்கள் தெரியும். அவற்றை வாக்கியமாகக் கோக்கத் தெரியாமல் இருந்தது. ஒன்றரை வருடத்தில் கோக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இதை எப்படிச் செய்வது என்று பலர் கேட்கிறார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவுக்கு டிவி வந்ததே 1976இல்தான். நான் சிறுமியாக இருந்தபோது வெளிநாட்டுத் தொடர்கள் பல ஆஃப்ரிகான்ஸில் பேசின. தேனீ மாயாவை நான் அந்த மொழியில்தான் அறிவேன். 1986இல் ரேடியோ 2000 என்ற வானொலி நிலையம் வந்தபிறகு, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் ரேடியோவைத் திருப்பினால் அதே காட்சிக்கு அசல் ஆங்கிலம் கேட்கும். அப்பா ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்து டிவி மேல் வைப்பார். ஒரு படத்துக்கு எந்த மொழியையும் பொருத்தலாம் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது. தமிழ் மட்டும் எந்தப் பெட்டியிலிருந்தும் வரவில்லை. அதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

சரி, எந்தக் கார்ட்டூனை எடுப்பது? டாம் அண்ட் ஜெர்ரி உதவாது, அவை பேசுவதே அபூர்வம். இப்போதைய கம்ப்யூட்டர் படங்களும் வேண்டாம். அவற்றில் உதடும் நாக்கும் ஆங்கிலத்துக்கென்றே அசைகின்றன. பழைய ஹன்னா-பார்பெரா படங்களைத் தேடிப் பிடியுங்கள். 1957இல் எம்ஜிஎம் என்ற அமெரிக்கப் படக் கம்பெனி தன் கார்ட்டூன் ஸ்டூடியோவை மூடியதும் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். டிவிக்காரர்கள் கொடுத்த காசு குறைவு. அதனால் உடம்பை அசையாமல் நிறுத்திவிட்டுத் தலையையும் வாயையும் மட்டும் மாற்றி மாற்றி வரைந்தார்கள். யோகியின் கழுத்தில் காலரும் டையும் இருப்பது அதற்காகத்தான். தலையும் உடம்பும் சேரும் இடம் அதில் மறைந்துவிடும். வாய்க்கும் ஒரு சில வடிவங்களே உண்டு. அந்தச் சிக்கனம் நமக்குப் பெரிய வசதி. வாய் திறக்கும்போது தொடங்கி மூடும்போது முடித்துவிட்டால் போதும், நடுவில் என்ன பேசினாலும் பொருந்தும்.

1958இல் ஹக்கிள்பெரி ஹவுண்ட் நிகழ்ச்சியின் ஒரு பகுதியாக வந்த யோகிக்கு 1961இல் தனி நிகழ்ச்சி கிடைத்தது. ஒரு கதை ஏழு நிமிடம்தான் ஓடும். ஜெல்லிஸ்டோன் பூங்காவுக்கு வருகிறவர்களின் சாப்பாட்டுக் கூடையைத் திருடும் யோகி, வேண்டாம் என்று கெஞ்சும் பூ-பூ, துரத்தும் ரேஞ்சர் ஸ்மித், பெரும்பாலும் இந்த மூவர்தான் பேசுவார்கள். அசலில் யோகிக்குக் குரல் கொடுத்தவர் டாஸ் பட்லர். பூ-பூ, ரேஞ்சர் இருவருக்கும் டான் மெஸ்ஸிக். ஆகவே இரண்டு பிள்ளைகள் இருந்தாலே நடத்திவிடலாம். எங்கள் பிள்ளைகளுக்குக் கதையை விளக்க வேண்டியே இருக்கவில்லை. எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு வந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போகும், அதையேதான் அந்தக் கரடியும் செய்கிறது.

முதல் தடவை சத்தத்தோடு பாருங்கள், வெறுமனே சிரிப்பதற்கு. இரண்டாம் தடவை சத்தம் இல்லாமல். ஒவ்வொரு பேச்சுக்கும் வாய் எத்தனை முறை அசைகிறது என்று பிள்ளைகள் தொடையில் தட்டி எண்ணட்டும். ஒரு நோட்டில் நேரம், யார், எத்தனை தட்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தை வரிக்கு வரி மாற்ற முயலாதீர்கள். ‘இந்த இடத்தில் இவன் என்ன சொல்லுவான்?’ என்று கேளுங்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்வார்கள், நீங்கள் தமிழில் சொல்லுங்கள், அவர்கள் அதைச் சுருக்கித் தட்டுக்குள் அடக்குவார்கள். முதல் நாள் இரண்டு நிமிடக் காட்சிக்கு மேல் எடுக்கவே கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி மரியாதைச் சொல். ஆங்கிலத்தில் எல்லாரையும் ஒரே சொல்லால் கூப்பிட்டுவிடலாம், தமிழில் முடியாது. எங்கள் பூ-பூ யோகியை ‘அண்ணா’ என்றும் ‘நீங்க’ என்றும் கூப்பிடுவான். யோகி அவனை ‘டா’ போடுவான். ரேஞ்சரைப் பார்த்தால் ‘வாங்கய்யா, என்ன இந்தப் பக்கம்?’ என்று குழைவான். அவர் நகர்ந்ததும் ‘போயிட்டானா?’ என்பான். இதை நான் பாடமாகச் சொல்லிக்கொடுத்து ஒருவர் மனதிலும் ஏறவில்லை. ஒரு நாள் நடுப்பேரன் ரேஞ்சரை ‘நீ’ என்றதும் மூத்தவள் படத்தை நிறுத்தி, ‘அவர்கிட்ட திருடப் போறவன் அப்படிப் பேசுவானா?’ என்று திருத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தது வாக்கிய வரிசை. யோகி பேச்சின் கடைசியில்தான் விரலை நீட்டுவான். ‘மரத்தடியில கூடை இருக்கு’ என்றால் கூடை முன்பே வந்துவிடும், விரல் நீளும்போது ‘இருக்கு’ மட்டும்தான் மிச்சம் இருக்கும். ‘இருக்கு பாருடா, மரத்தடியில கூடை’ என்று திருப்பிப் போடுங்கள். பேச்சுத் தமிழ் இதற்கு நன்றாக இடம் கொடுக்கும். கூடைக்குள் இருப்பதையும் உங்கள் வீட்டுச் சாப்பாடாக மாற்றிவிடுங்கள். எங்கள் யோகி திருடுவது, கடற்கரைக்கு நாங்கள் கொண்டுபோகும் பிரியாணியும் உருளைக்கிழங்குக் கறி வைத்த ரொட்டியும்.

தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைக்கு முதல் மாதம் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு மேல் நீட்டாதீர்கள், ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும்.

சத்தத்தை நிறுத்தினால் இசையும் போய்விடும். ஓடும் காட்சிக்கு இரண்டு தேங்காய்ச் சிரட்டை, விழும் காட்சிக்கு எவர்சில்வர் தட்டு. கடைக்குட்டிக்கு அதுதான் வேலை, அவனுக்கு இன்னும் நாலு வயதாகவில்லை. பதிவு செய்ய போன் போதும். மடித்த துண்டின் மேல் வையுங்கள். பிப்ரவரி புழுக்கத்தில் மின்விசிறியை நிறுத்தாமல் பதிவு செய்து ஒரு முழு இரவின் வேலையை இழந்தோம். மாலையிலும் பதிவு வேண்டாம். ஹாதிடாப் பறவைகள் கூரை மேல் கத்தினால் கரடி பேசுவது கேட்காது.

யோகி கைவந்தபிறகு, அதே ஹன்னா-பார்பெராவின் டாப் கேட் கார்ட்டூன் பக்கம் போகலாம். 1961, 62இல் வந்த 30 கதைகள், ஒவ்வொன்றும் அரை மணி நேர நிகழ்ச்சி. ஆறு பூனைகளும் டிபிள் என்ற போலீஸ்காரரும் மூச்சு விடாமல் பேசுவார்கள். ஏழு குரல் வேண்டும், எங்களிடம் மூன்றுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரை இந்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன். அவர்களுடைய ஆயா, போலீஸ்காரர் குரலை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.