டர்பனில் வீடு வாங்கும் முன் களைய வேண்டிய தவறான எண்ணங்கள்

தமிழ்நாட்டில் முன்பணம் கொடுத்து, ஒப்பந்தம் எழுதி, சார்பதிவாளர் முன் கையொப்பமிட்டுக் கிரயம் முடித்த பழக்கத்தோடுதான் நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வீடு தேடினேன். முகவர் நீட்டும் ‘ஆஃபர் டு பர்ச்சேஸ்’, அதாவது வாங்க முன்வரும் படிவம், வெறும் விருப்பக் கடிதம் என்று நினைத்தது என் பெரிய பிழை. வாங்குபவரும் விற்பவரும் அதில் கையொப்பமிட்டுவிட்டால், 1981ஆம் ஆண்டின் நில விற்பனைச் சட்டப்படி அதுவே இருவரையும் கட்டுப்படுத்தும் விற்பனை ஒப்பந்தம்.

முதற்படி: உரிமையாளர் பெயரையும் வீட்டின் மீதுள்ள பாண்ட் கடனையும் (வீட்டை அடமானம் வைத்து வாங்கும் வங்கிக் கடன்) பத்திர அலுவலகப் பதிவுகளில் இணையம் வழியே நீங்களே தேடிப் பாருங்கள். நம் ஊர் வில்லங்கச் சான்று சொல்லும் செய்திகளில் பெரும்பகுதி இதில் கிடைத்துவிடும். அரசின் டீட்ஸ்வெப் தளமும் உண்டு. எனக்குக் கட்டணச் சேவையான வின்டீட்தான் எளிதாக இருந்தது.

இரண்டாம் படி: கையொப்பத்துக்கு முன் நிபந்தனைகளை எழுதுங்கள். நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். கையொப்பமிட்ட மூன்றாம் நாள், வீட்டின் பின்புறம் கட்டப்பட்டிருந்த இரண்டு அறைகளுக்கு மாநகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடம் இல்லை என்று தெரிந்தது. ஐந்து நாட்களுக்குள் மனம் மாறலாம் என்று நண்பர்கள் சொல்லியிருந்ததை நம்பி விலக முயன்றேன். அந்த உரிமை மேற்சொன்ன நில விற்பனைச் சட்டத்தின் 29ஏ பிரிவில் இருப்பது உண்மைதான். ஆனால் விலை 2,50,000 ரேண்டுக்கு மேற்பட்டால் அது கிடையாது. ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’, அதாவது உள்ளது உள்ளபடி விற்பனை என்ற வரியும் என் படிவத்தில் இருந்தது. ஒப்புதல் இல்லாத கட்டுமானமும் அந்த வரிக்குள் அடங்கும் மறைந்த குறையே என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்திருக்கிறது. விற்பவர் குறையை அறிந்தே ஏமாற்றும் நோக்கில் மறைத்தார் என்று நிரூபித்தால்தான் அந்தப் பாதுகாப்பு அவருக்கு இல்லாமல் போகும். விற்பவர் பேச்சுவார்த்தைக்கு இணங்கி வரைபட ஒப்புதலுக்கு விண்ணப்பித்ததால் நான் தப்பினேன். அதற்குள் நான்கு மாதங்கள் கூடுதலாகிவிட்டன.

ஆகவே, ஒப்புதல் பெற்ற வரைபடங்களை விற்பவர் இந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்றும், இவ்வளவு பாண்ட் தொகை இந்தத் தேதிக்குள் வங்கியில் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் முடிவுறும் என்றும் தொகையையும் தேதியையும் குறித்தே எழுதுங்கள். முகவர் வாய்மொழியாகச் சொல்லும் உறுதியை நான் இனி ஏற்கவே மாட்டேன். விற்பவர் குறைகளைத் தெரிவிக்கும் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். 2022 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டத்தின்படி, அது இல்லாமல் முகவர் வீட்டை விற்றுத்தரும் பொறுப்பை ஏற்கக் கூடாது.

மூன்றாம் படி: பணக் கணக்கு. முகவரின் கமிஷனை வழக்கமாக விற்பவர் தருகிறார். பெயர்மாற்றத்தை நடத்தும் வழக்கறிஞரான கன்வேயன்சரை விற்பவர் தேர்ந்தெடுப்பார். அவருக்குக் கட்டணம் தருவதோ நாம். 2025 ஏப்ரல் 1இல் வந்த அட்டவணைப்படி 12,10,000 ரேண்ட் வரை டிரான்ஸ்ஃபர் டியூட்டி, அதாவது வாங்குபவர் அரசுக்குச் செலுத்தும் பெயர்மாற்ற வரி, இல்லை. 15,00,000 ரேண்ட் வீட்டுக்கு மிகுதியான 2,90,000க்கு மட்டும் 3 விழுக்காடு, அதாவது 8,700 ரேண்ட்.

நான்காம் படி: பதிவு. டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நட்டால் மாகாணத்து வீடுகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திர அலுவலகத்தில் பதிவாகின்றன. நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. ஆனால் பதிவாகும் நாள்வரை, சாவி கையில் இருந்தாலும், வீடு உங்களுடையதன்று.

பின்சேர்க்கை: வீட்டை விற்கவிருக்கும் ஒரு வாசகர் எழுதிக் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். வீட்டின் மீது பாண்ட் இருந்தால், அதை முடிக்கப்போவதை வங்கிக்குப் பொதுவாக 90 நாட்களுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். இல்லையேல் தண்டவட்டி விழும். வாங்குபவர் கிடைக்கும்வரை காத்திராமல், விற்பது என்று முடிவு செய்த அன்றே அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.