பழைய டிரம் சாண்டர் வாங்கும் முன் இரண்டு துண்டு எம்டிஎஃப் போதும்

கிட்டார் செய்வதற்காகப் பழைய டிரம் சாண்டர் (உப்புத்தாள் சுற்றிய உருளை சுழன்று பலகையைத் தேய்த்து மெல்லியதாக்கும் இயந்திரம்) பார்க்கப் போகிறீர்களா? ஒரே எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையிலிருந்து இரண்டு அங்குல அகலத்தில் இரண்டு பட்டைகள் அறுத்து, தடிமன் அளக்க ஒரு டிஜிட்டல் காலிப்பரோடு எடுத்துப் போங்கள். ஒன்றை டிரம்மின் இடது ஓரத்திலும் மற்றதை வலது ஓரத்திலும் வைத்து ஒரே நேரத்தில் உள்ளே விடுங்கள். உயரத்தை மாற்றாமல் இன்னொரு முறையும் விட்டு, இரண்டின் தடிமனையும் அளந்து பாருங்கள்.

அக்கூஸ்டிக் கிட்டாரின் மேற்பலகை பெரும்பாலும் 2.5 முதல் 3 மி.மீ. தான். அதில் கால் மி.மீ. கோணல் வந்தாலே ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் தொளதொளவென்றும் ஆகிவிடும். டிரம்மை ஒரு பக்கம் மட்டும் தாங்கிப் பிடித்த, மறுபக்கம் திறந்த சாண்டர் மாடல்களில் இந்தக் கோணல் சகஜம். அழுத்தம் கூடினால் திறந்த முனை கொஞ்சம் மேலே எழும்பும். இரண்டாவது முறை விடச் சொன்னது அதற்காகத்தான்.

இதே சோதனையைச் சில முறை செய்து பாருங்கள். இரண்டு பட்டைகளுக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வந்தால் பயமில்லை, பெரும்பாலும் மட்டம் சரிசெய்யும் போல்ட்டைத் திருகிச் சரிசெய்துவிடலாம். அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு வந்தால் பேரிங் ஆட்டமாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

உப்புத்தாள் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும், புதுத் தாள் சுற்றிவிட்டுப் பாருங்கள். தடிமனான எலக்ட்ரிக் கிட்டார் உடல் மட்டும் செய்பவருக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை.