‘ஹூ’ வந்தால் வினை யாரைப் பார்க்கும்?

ஆங்கிலத்தில் ‘ஹீ கோஸ்’ என்பதை ‘ஹீ கோ’ என்று எழுதுகிறவர்களை விட்டுவிடுவோம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் வகுப்புகளில் நன்றாக எழுதும் படிவம் 5 பிள்ளைகளே ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ வந்ததும் வினை ஒருமையா பன்மையா என்பதில் சறுக்குகிறார்கள். படிவம் 5 இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில், ஆங்கிலம் (பாட எண் 1119) முதல் தாளின் இரண்டாம் பகுதியில் நிரப்ப வேண்டிய இடங்கள் 10. அங்கே இப்படி ஒன்று வந்தால், இரண்டு விடைகள் சரிபோலவே தெரியும்.

‘ஒன் ஆஃப்’ வாக்கியம்

எத்தனை முறை சொன்னாலும் தவறு திரும்ப வரும் இடம் இது. சரியான வாக்கியம்:

“ஷீ இஸ் ஒன் ஆஃப் த கேர்ல்ஸ் ஹூ லிவ் இன் செந்தூல்.”

‘ஒன்’ கண்ணில் பட்டதுமே கை ‘லிவ்ஸ்’ என்று எழுதிவிடும். செந்தூலில் இருப்பவர்கள் பல பெண்கள். இவள் அவர்களில் ஒருத்தி. ‘ஹூ’ குறிப்பது ‘கேர்ல்ஸ்’ஸை, ஆகவே பன்மை. ‘த ஒன்லி ஒன் ஆஃப் த கேர்ல்ஸ்’ என்றால் கதை மாறும்: அங்கே இருப்பவள் அவள் மட்டுமே, ‘லிவ்ஸ்’தான் சரி.

இதைப் படித்த கையோடு அடுத்த பள்ளத்தில் விழுவார்கள்: “ஒன் ஆஃப் த பாய்ஸ் ஹூ டேக் த எல்ஆர்டி ஆர் லேட்.” கடைசி வினை ‘இஸ்’ ஆக வேண்டும். பென்சிலால் ‘ஹூ’ முதல் ‘எல்ஆர்டி’ வரை அடைப்புக்குறி போடுங்கள். வெளியே மிஞ்சுவது ‘ஒன் ஆஃப் த பாய்ஸ் இஸ் லேட்’. உள்ளே ‘ஹூ’வை எடுத்துவிட்டு ‘பாய்ஸ்’ வையுங்கள்: ‘பாய்ஸ் டேக்’. இரண்டு வினை, இரண்டு எழுவாய்.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் உறைப்பதில்லை? ‘பாடும் பையன்’, ‘பாடும் பையன்கள்’ இரண்டிலும் பெயரெச்சம் அப்படியே நிற்கிறது. மலாயிலும் ‘யாங் மெஞாஞி’ (பாடுகிற) ஒருவருக்கும் பலருக்கும் ஒன்றே. வீட்டிலும் பள்ளியிலும் அந்த இடத்தில் எண்ணிப் பார்க்க அவசியமே வந்ததில்லை.

அன்றாட ஆங்கிலத்தில் ‘ஒன் ஆஃப்’புக்குப் பின் ஒருமையும் புழங்குகிறது. அதைக் காட்டித் தேர்வில் வாதாட முடியாது, பன்மையே எழுதுங்கள்.

‘தட்’டுக்குப் பின் இன்னோர் ஆள்

“த புக்ஸ் தட் மை டீச்சர் செல்ஸ் ஆர் சீப்.” விற்பவர் ஆசிரியர், மலிவாக இருப்பவை புத்தகங்கள்.

காற்புள்ளிக்குப் பின் ‘விச்’

‘விச்’ தனக்கு முன் வந்த முழு வாக்கியத்தையும் சுட்டினால் வினை ஒருமை.

‘ஐ’க்குப் பின் ‘ஹூ’

‘ஐ, ஹூ ஆம்’. ‘இஸ்’ அல்ல.