லெந்து முதல் ஈஸ்டர் வரை: மனநோயோடு இருப்பவர்களிடம் நாம் செய்யும் தவறுகள்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலமான லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலிட்டு, மனிதன் மண்தான் என்று நினைவூட்டுவது பல சபைகளில் வழக்கம். ஓடியாடி வேலை செய்கிற ஒருவர் வருஷத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டிய வார்த்தைதான் அது. ஆனால் மனச்சோர்வு நோயில் இருப்பவருக்கு, கண் விழித்ததும் அவருடைய மனசே அதைத்தான் சொல்கிறது: நீ ஒன்றுமில்லை, நீ பாவி, நீ இருந்து என்ன பிரயோஜனம். அவரிடம் போய் இன்னும் நாற்பது நாள் உன்னை நீயே ஆராய்ந்து பார் என்பது, ரத்தசோகை உள்ளவரிடம் ரத்த தானம் கேட்பது போல. எல்லோருக்கும் ஒரே லெந்தை அளந்து கொடுப்பதுதான் நம்முடைய முதல் தவறு. ஊழியத்தில் இருந்துகொண்டே பல வருஷமாக இந்த நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவன் நான், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

அடுத்தது உபவாசம். இதில் தவறினால் உயிருக்கே ஆபத்து. அளவுமீறிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோய்க்கு லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுகிற ஒருவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தாலோ, உப்பைத் திடீரென்று குறைத்தாலோ, ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி அதுவே நஞ்சாகிவிடலாம்; வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், தள்ளாட்டம், குழப்பம் என்று தெரிய ஆரம்பிக்கும். லுராசிடோன் என்ற மனநோய் மருந்தைக் குறைந்தது 350 கலோரி சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பு அதைச் சரியாக ஏற்கும். அப்புறம் இரவு முழுக்க நடக்கும் ஜெபம். பைபோலார் உள்ளவருக்குத் தூக்கம் கெட்டாலே மேனியா, அதாவது அந்த அளவுமீறிய உற்சாக நிலை, கிளம்பலாம், அவர் மூன்று நாள் தூங்காமல் உற்சாகமாகப் பேசிக்கொண்டே இருப்பதைப் பார்த்து ஆவியில் நிறைந்திருக்கிறார் என்று சபையே சந்தோஷப்படும், நாலாவது நாள் குடும்பம் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும். சாப்பாட்டையே எதிரியாகப் பார்க்கிற உணவுக் கோளாறு உள்ள பிள்ளையிடம், எவ்வளவு வைராக்கியமாக உபவாசம் இருக்கிறாய் என்று தயவுசெய்து பாராட்டாதீர்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய நோன்பு நாட்கள், 18 வயது முடிந்தவர்கள் முதல் 59 வயது நிரம்பும் வரை. அங்கேயும் நோயாளிகளுக்கு விலக்கு உண்டு, மனநோயும் நோய்தான். வேதத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச்செடியின் கீழே படுத்துவிட்டவரிடம் தேவதூதன் உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. இரண்டு முறை எழுப்பிச் சாப்பிட வைத்தான், நடுவில் தூங்க விட்டான். அந்தச் சாப்பாட்டின் பலத்தில்தான் அவர் ஓரேப் மலை வரை நாற்பது நாள் நடந்தார். உங்கள் சபையில் இப்படி ஒருவர் இருந்தால், நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு, மாத்திரையை விடாதே என்பதையே அவருடைய லெந்து ஒழுக்கமாகக் கொடுங்கள்.

லெந்துக்கு எதையாவது விட வேண்டுமே என்று மாத்திரையை விடுகிறவர்களும் இருக்கிறார்கள், மாத்திரை இல்லாமலே குணமானேன் என்று ஈஸ்டரில் சபை முன் சாட்சி சொல்லலாம் என்ற ஆசையும் அதில் கலந்திருக்கும். மனச்சோர்வு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். நிறுத்துவதோ குறைப்பதோ டாக்டர் முடிவு செய்ய வேண்டியது, போதகர் அல்ல.

எல்லா மனநோயையும் பிசாசு என்று சொல்வது இன்னொரு தவறு. மத்தேயு 4:24-இல் பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள் (வலிப்பு நோயாளிகள்), திமிர்வாதக்காரர் (பக்கவாதக்காரர்) என்று தனித்தனியாகத்தான் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்திலேயே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரத்தில், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது மிகவும் ஜாக்கிரதையாக இருங்கள். அவன் தூக்குப் போட்டுக்கொண்டான், நேராக நரகம் என்று முழங்கும்போது, மகனை அப்படிப் பறிகொடுத்த ஒரு அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். போன வாரம்தான் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் பின்னால் நிற்கலாம். 1992-இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல்கூட, கடுமையான மனக் கோளாறு தற்கொலை செய்துகொண்டவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஒருவரைப் பற்றிச் சந்தேகம் வந்தால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விட்டு வராதீர்கள், உடனே டாக்டரிடமோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சொன்னதை ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அதற்குப் பிறகு அவர் யாரிடமும் வாய் திறக்க மாட்டார்.

ஈஸ்டர் காலைக்கு வருவோம். எனக்கு வருஷத்திலேயே கஷ்டமான ஆராதனை அதுதான். பெரிய வெள்ளியன்று அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஞாயிறு காலையில் மட்டும் முகத்தில் சிரிப்பு இல்லை என்றால், இயேசு உயிர்த்தெழுந்துவிட்டாரே, இன்னும் என்ன சோகம் என்று நாலு பேர் வந்து கேட்பார்கள். நோய்க்குச் சபைக் காலண்டர் தெரியாது. மாற்குவின் மிகப் பழைய பிரதிகளைப் பார்த்தால், கல்லறையிலிருந்து பெண்கள் நடுங்கி ஓடி, பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள் என்பதோடு சுவிசேஷமே முடிகிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பாட முடியாதவர் பாடாமல் உட்காரட்டும், பக்கத்தில் நீங்கள் பாடுங்கள்.

ஊழியர்களே, உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1856-இல் லண்டனில் புகழ்பெற்ற போதகர் ஸ்பர்ஜன் பிரசங்கித்த அரங்கில் யாரோ தீ என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு 22 வயது. அதற்குப் பிறகு வாழ்நாளெல்லாம் அவ்வப்போது மனச்சோர்வு அவரைப் பிடித்தது, அதை மேடையிலேயே மறைக்காமல் சொன்னார். பரிசுத்த வாரம் முழுக்க ஆராதனைகளை நடத்திவிட்டு ஈஸ்டர் திங்களன்று எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி மறைக்காதீர்கள், ஓய்வு எடுங்கள், அது நாட்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள்.

ஈஸ்டர் காலம் பெந்தெகொஸ்தே திருநாள் வரை 50 நாள் என்பதையும் மறந்துவிடுகிறோம். உயிர்த்தெழுந்ததை நம்பாத சீஷன் தோமாவைத் தேடி இயேசு எட்டு நாள் கழித்து மறுபடி வந்தார், அதுவரை மற்ற சீஷர்கள் அவனை வெளியே அனுப்பவில்லை. ஆகவே ஈஸ்டரன்று வராதவர் வீட்டுக்கு அடுத்த வாரம் போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். சாப்பிட ஏதாவது கொண்டுபோங்கள், அரைமணி நேரம் உட்காருங்கள், கிளம்பும்போது மறுபடி எந்தக் கிழமை வருவீர்கள் என்று சொல்லிவிட்டு, அந்தக் கிழமையில் போங்கள்.