ஆதார்: பூட்டு இருக்கிறது, பலர் போடுவதில்லை

லாட்ஜில் ரூம் எடுத்தாலும் வாடகைக்கு வீடு பிடித்தாலும் “ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க” என்பார்கள், நாமும் 12 இலக்கமும் பளிச்சென்று தெரிகிற நகலை நீட்டிவிடுகிறோம். ஆதாரை வழங்கும் அரசு அமைப்பான யுஐடிஏஐயின் தளத்தில் ஆதாரை டவுன்லோடு செய்யும்போது ‘மாஸ்க்டு ஆதார்’ என்ற கட்டத்தில் டிக் போட்டால் முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். முதலில் அதைக் கொடுத்துப் பாருங்கள்.

அதை பிரவுசிங் சென்டரில் எடுத்துவிட்டு ஃபைலை அழிக்காமல் வருவது அடுத்த தவறு. பாஸ்வேர்டு இருக்கிறதே என்கிறீர்களா? ஆங்கிலத்தில் பெயரின் முதல் 4 எழுத்து, கூடவே பிறந்த ஆண்டு, அவ்வளவுதான். தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் திறந்துவிடலாம்.

பணம் போகிற இடம் வேறு. “ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை, எனக்கென்ன” என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள், ஆனால் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் ஏஇபிஎஸ் முறையில் வங்கியின் பெயர், ஆதார் எண், கைரேகை மூன்றும் போதும், ஓடிபி தேவையே இல்லை. கைரேகையை நகலெடுத்து ஏமாற்றுகிறவர்கள் நுழைவது இந்த வழியாகத்தான். இதற்குத்தான் பயோமெட்ரிக் லாக். யுஐடிஏஐயின் ஆதார் செயலியிலோ தளத்திலோ பூட்டிவிட்டால் கைரேகை, கருவிழி, முகம் எதுவும் செல்லாது, ஓடிபி மட்டும் வழக்கம்போல வேலை செய்யும்.

ஆனால் அப்பா அம்மாவுக்குப் பூட்டிக் கொடுத்துவிட்டுச் சொல்லாமல் விடாதீர்கள், ரேஷன் கடையில் விரல் வைத்தால் எடுக்காது, பாவம், கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு நிற்பார்கள். தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும், அதனால் முன்னால் நிற்பவர் பையில் அரிசி விழும்போது திறந்தால் சரியாக இருக்கும்.

இதெல்லாம் ஆதாரில் பதிந்த மொபைல் எண்ணை நம்பித்தான் ஓடுகிறது. பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆதாரில் எண்ணை மாற்றாமல் இருந்தால், அந்த எண் நாளைக்கு இன்னொருவர் கைக்குப் போகும், ஓடிபியும் அவருக்கே போகும். ஆதார் மையத்துக்குப் போய் முதலில் இதை மாற்றுங்கள்.

அப்புறம், உங்கள் ஆதாரை எந்த நிறுவனம் எப்போது சரிபார்த்தது என்ற பட்டியலும் அதே தளத்தில் இருக்கிறது. கடந்த 6 மாதம், அதிகபட்சம் 50 பதிவு. யாரும் பார்ப்பதில்லை. உங்களுக்குத் தெரியாத பதிவு ஏதாவது இருந்தால் ஆதார் உதவி எண் 1947-க்குக் கூப்பிடுங்கள். பணமே போயிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930, தாமதிக்காமல்.