ஏழாவது வாரத்தில் இடறியபோது

இடுப்பு மூட்டு மாற்றி ஏழாவது வாரம். வாக்கரை ஓரங்கட்டிவிட்டுக் கைத்தடிக்கு மாறிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அடுத்த அறையில் தொலைபேசி ஒலித்தது. தடியை எடுக்காமல், அறுவை செய்த இடது காலை ஊன்றியபடியே உடம்பை மட்டும் வெடுக்கென்று திருப்பினேன். தொடையிடுக்கில் சுரீரென்று இழுத்தது. விழவில்லை, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அழைத்தவரோ எண் மாற்றி அழைத்தவர்!

அதைவிடப் பெரிய தவறை அடுத்துச் செய்தேன். மகளிடம் சொல்லாமல் ஒரு பகலும் ஓர் இரவும் மறைத்தேன். திட்டுவாளே என்ற பயம். வயது 61.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். புது மூட்டு இருக்கும் காலில் திடீர் வலி வந்தால், 'வெறும் சுளுக்கு' என்று நீங்களே தீர்ப்பு எழுதக் கூடாது. அன்றைக்கே அறுவை செய்த மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். காலை ஊன்றவே முடியவில்லை, ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிகிறது, பாதம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பிக் கிடக்கிறது என்றால் மூட்டு நழுவியிருக்கலாம், எலும்பு முறிந்தும் இருக்கலாம். எழுந்து நடந்து பார்க்க வேண்டாம். காலை இழுத்துச் சரிசெய்ய யாரையும் விட வேண்டாம். படுத்தபடியே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், காய்ச்சல் வந்தாலும், தையல் போட்ட இடம் சிவந்து கசிந்தாலும் நாள் கடத்தக் கூடாது. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அது ரத்தக்கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

எனக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். மூட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. இழுபட்டது உள்தொடைத் தசை. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. வலி மாத்திரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வீட்டில் கிடக்கும் வலி நிவாரணியை எடுத்துத் தாமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு.

முதல் சில நாள் வாக்கருக்கே திரும்பச் சொன்னார்கள். கைத்தடியைத் தொட்டவருக்கு வாக்கர் பெரிய அவமானம். ஆனால் தடியோடு நொண்டுவதைவிட வாக்கரோடு நேராக நடப்பது எவ்வளவோ மேல். நொண்டல் பழகிவிட்டால் வலி போன பிறகும் போகாது. முதுகும் மறுகால் முழங்காலும் சேர்ந்து வலிக்க ஆரம்பிக்கும். தூரத்தைக் குறையுங்கள், நடையைக் கெடுக்காதீர்கள்.

பனிக்கட்டி ஒத்தடம் 15 நிமிடம், துணியில் சுற்றி. வெறுமனே வைக்கக் கூடாது. தழும்பைச் சுற்றி எனக்கு ஒரு கையகல இடம் மரத்துப் போயிருக்கிறது. குளிர் தோலைப் புண்ணாக்கினாலும் அங்கே தெரியாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். இழுபட்ட தசையை 'நீவிவிட்டால் சரியாகும்' என்று ஒருவர், 'நன்றாக நீட்டி மடக்கு' என்று இன்னொருவர். இரண்டையும் என் பிசியோதெரபிஸ்ட் அப்போதைக்கு வேண்டாம் என்றார். அதற்காகப் படுத்தே கிடக்கவும் விடவில்லை. பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, தொடையை இறுக்கித் தளர்த்துவது ஆகியவை தினமும் உண்டு.

என்னை மீட்டது ஒரு நோட்டுப் புத்தகம். முப்பது ஆண்டு மெய்ப்புத் திருத்தியவள் நான். எழுதி வைக்காததை நம்ப மாட்டேன். பக்கத்துக்கு மூன்று பத்தி: செய்தது என்ன, அப்போது வலி பத்துக்கு எத்தனை, மறுநாள் காலையில் எத்தனை. செய்யும்போது 3 வரை போகலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும் என்பது எனக்குச் சொல்லப்பட்ட கணக்கு. இறங்காவிட்டால் அடுத்த நாள் பாதி. மூன்றாவது பத்திதான் உண்மை பேசும். நடக்கும்போது உற்சாகத்தில் வலி தெரியாது, விடிந்ததும் தெரியும்.

ஒன்பதாம் நாள் பக்கத்தைப் பாருங்கள்: 'நடை 12 நிமிடம், படி 6. வலி 2. காலையில் 5.' நடையையும் ஒரே நாளில் கூட்டினேன், படியும் ஏறினேன். எது கெடுத்தது என்று எப்படித் தெரியும்? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். கெட்டுப்போனால் ஒரு படி பின்வாங்குங்கள். அடிமட்டத்துக்கு இறங்க வேண்டியதில்லை.

எந்த அசைவில் அடிபட்டதோ அதைத் திரும்பப் படிக்க வேண்டும். என் எதிரி திரும்புதல். இப்போது கடிகார முள் போலத் திரும்புகிறேன்: ஊன்றிய காலின் மேல் உடம்பைத் திருகாமல், பாதங்களைத் தூக்கித் தூக்கிச் சிறு அடிகளாக வைத்து, மூக்கும் கால்விரலும் எப்போதும் ஒரே பக்கம் பார்க்கும்படி. அரைவட்டத்துக்கு எட்டு அடி. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும், வரட்டும். கைத்தடி நல்ல காலின் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். வலி வந்ததும் நான் என்னை அறியாமல் வலிக்கிற பக்கத்துக்கு மாற்றிவிட்டேன், மகள்தான் கவனித்தாள். படியில் ஏற நல்ல கால் முதலில். இறங்கத் தடியும் அறுவைக் காலும் முதலில். தடி கீழே விழுந்தால் குனிந்து எடுக்காதீர்கள், யாரையாவது கூப்பிடுங்கள். குனிவது, கால் மேல் கால் போடுவது பற்றி உங்களுக்குச் சொன்ன தடைகள், அறுவையை இடுப்பின் முன்பக்கமாகச் செய்தார்களா, பின்பக்கமாகச் செய்தார்களா என்பதைப் பொறுத்து மாறும். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

தொலைபேசியைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். மிதியடியைச் சுருட்டி வைத்தாயிற்று.

பயம் மட்டும் தசையைவிட மெதுவாகத்தான் ஆறியது. அந்த மேசையருகே போனாலே கால் விறைத்தது. பிசியோதெரபிஸ்ட் அங்கேயே என்னை நிறுத்தி, மேசையைப் பிடித்தபடி எடையை இடதுக்கும் வலதுக்கும் மாற்றி மாற்றிப் போட வைத்தார். நாளுக்குப் பத்து முறை, அதே இடத்தில். 31-ஆம் நாள் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'மேசையருகே இடது காலில் மட்டும் 7 வினாடி. விரல் மேசையில். வலி 1. காலையில் 0.'