எம்பிடிஐ முடிவில் உங்கள் முதன்மைச் செயல்பாடு எது?

எம்பிடிஐ (MBTI) என்ற ஆளுமைத் தேர்வு எழுதி, தங்கள் வகையைச் சொல்லும் நான்கு எழுத்து கிடைத்ததும் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். அதற்குள் இருக்கும் முதன்மைச் செயல்பாடுதான் உண்மையில் பயன் தருவது. 1921-இல் உளவியலாளர் கார்ல் யுங் விவரித்த சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு என்ற நான்கில் நீங்கள் அதிகம் நம்பி நிற்பது எது என்பதே அது.

இரண்டாம் எழுத்து புலனறிவு (S) அல்லது உள்ளுணர்வு (N), மூன்றாம் எழுத்து சிந்தனை (T) அல்லது உணர்வு (F). கடைசி எழுத்து 'ஜே' (J) என்றால் மூன்றாம் எழுத்தையும், 'பி' (P) என்றால் இரண்டாம் எழுத்தையும் பாருங்கள். மற்றவர்கள் உங்களிடம் காண்பது அதைத்தான். முதல் எழுத்து 'இ' (E, வெளிமுகம்) என்றால் அதுவே முதன்மை. 'ஐ' (I, அகமுகம்) என்றால் நடுவில் உள்ள இன்னொரு எழுத்து. ஐஎன்எஃப்ஜே (INFJ) ஆட்களுக்கு வெளியே தெரிவது உணர்வு, முதன்மையோ உள்ளுணர்வு.

அதாவது அகமுகமானவர்களின் சிறந்த திறமை மேலதிகாரி கண்ணில் படாமலே போகலாம். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கூட்டத்துக்கு முன்பே விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள், யோசித்து எழுத்தில் கொடுங்கள். உங்கள் முழுத் திறனும் அப்போதுதான் தெரியும்.

அப்புறம், மறுமுறை எழுதினால் பலருக்கு எழுத்துகள் மாறும். உளவியலாளர்கள் பலர் இந்தத் தேர்வை ஏற்பதில்லை. உங்களை நீங்களே கவனித்துப் பார்க்க இதை வைத்துக்கொள்ளுங்கள். இதை வைத்து வேலைக்கு ஆள் எடுக்க வேண்டாம்.